யாரும் தேடாத 135

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் படம் பிடிக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



லிங்கி, லாபு, ரந்தாவ், சிலியாவ், சுவா பெத்தோங், பகாவ் என்று இந்த மாநிலத்தின் தோட்டப்புறங்களில் வளர்ந்த உங்களில் சிலர், வீட்டுப் பெரியவர்களின் முகங்களை ஒழுங்காகப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறீர்கள். கையில் யாரோ பயன்படுத்தி விற்ற சோனியோ ஃபுஜியோ கேனானோ இருக்கிறது. அதோடு வந்த சின்ன ஸூம் லென்ஸ் முகப் படத்துக்குப் போதவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. புதிய லென்ஸ் வாங்க வெள்ளி போதாது. ஆகவே அந்தக் காலத்து மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் ஒன்றைத் தேடுகிறீர்கள். தேடத் தொடங்கியதும் காதில் விழும் எண் 85. எஃப் 1.8 வேண்டும், முடிந்தால் எஃப் 1.4 வேண்டும், பின்னணி கரைந்து போக வேண்டும் என்பார்கள். அந்த அறிவுரையை மறுக்கத்தான் இந்த மடல். உங்கள் வேலைக்கு ஏற்றது 135 மி.மீ. லென்ஸ். எஃப் 2.8 கிடைத்தால் நல்லது; எஃப் 3.5 என்றாலும் குறையில்லை. பழைய லென்ஸ் விற்பவர்களின் பெட்டியில் அடியில் கிடப்பது அதுதான், விலை குறைவாக இருப்பதும் அதுதான். விலை குறைவு என்பதால் மட்டும் அதைச் சொல்லவில்லை. நீங்கள் எடுக்கப்போகும் படத்தின் கணக்கு அதை நோக்கியே போகிறது.

எடுக்கப்போகும் படம் எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். மலாயாத் தோட்டங்களைப் பற்றிய பழைய படங்களுக்குப் பஞ்சமில்லை. 1908இல் ஆர்னல்ட் ரைட் பதிப்பித்த, பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றிய பெருநூலைப் புரட்டினால் போதும்: துரையின் பங்களா, ரப்பர் கன்றுகளின் வரிசை, கொட்டகை, அதன் முன்னால் நிறுத்தப்பட்ட தொழிலாளர் கூட்டம். துரைகளுக்குப் பெயர் உண்டு. கூட்டத்தில் நிற்பவர்கள் ஒரு விரல்நுனி அளவுகூட இல்லாத தலைகள். தோட்டத் தமிழரின் உழைப்பு படங்களில் இருக்கிறது, முகம் இல்லை. 1938இல் அன்றைய இந்திய அரசு, பயணச் செலவு கொடுத்துத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அழைத்துப் போவதைத் தடை செய்தது. ஆகவே இன்று தோட்டத்து வரிசை வீடான லயத்திலோ, லயத்தை விட்டுக் குடிபோன தாமான் வீட்டிலோ உட்கார்ந்திருக்கும் மூத்தவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். சயாம் மரண ரயிலுக்கு அப்பனைப் பறிகொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. தோட்டத் துண்டாடலையும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி ஓய்ந்ததையும் பார்த்தவர்கள். நீலாய் வட்டாரத்தில் மரம் நின்ற இடங்கள் தாமானும் தொழிற்பேட்டையுமாகிவிட்டன. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களின் தோட்ட நிலத்தில் மலேசிய விஷன் வேலி என்னும் பெருந்திட்டம் கண் வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் படத்தில் தலையும் தோளும் சட்டகத்தை நிறைக்க வேண்டும், கண் தெளிய வேண்டும், சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கதாய் இருக்க வேண்டும். பின்னால் இருப்பது செம்பனையா லயமா என்று மட்டும் தெரிந்தால் போதும். இதற்கான லென்ஸைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

135 ஏன் மலிவு என்பதற்குத் தரத்தோடு தொடர்பில்லாத வரலாறு ஒன்று இருக்கிறது. 1930களில் லைக்கா, கான்டாக்ஸ் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் வந்தபோது, அந்தக் கருவியின் தூரம் அளக்கும் பொறியால் நம்பகமாகக் குவிக்கக்கூடிய லென்ஸ் குவிய நீளத்தின் எல்லை ஏறக்குறைய 135 மி.மீ. என்றானது. அதனால் அந்த நீளத்தில் லென்ஸ் செய்யாத நிறுவனமே இல்லை. பிறகு எஸ்எல்ஆர் கேமராக்கள் வந்து அந்த வரம்பு அர்த்தமற்றதாகியும் பழக்கம் போகவில்லை. 1960களிலும் 70களிலும் ஒரு குடும்பம் கேமரா வாங்கினால் 50 கூடவே வரும்; அடுத்தபடியாக ஒரு 35உம் ஒரு 135உம் வாங்குவார்கள். நிக்கான், கேனான், பென்டாக்ஸ், மினோல்டா, ஒலிம்பஸ் எல்லாம் அதைச் செய்து குவித்தன. விவிட்டார், டாம்ரான், சோலிகோர் போன்ற பெயர்களில் வந்தவை தனிக்கணக்கு. அப்புறம் 70–210, 80–200 ஸூம்கள் மலிவாக வந்ததும் 135ஐ அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இன்று சந்தையில் அது நிறைய இருக்கிறது, தேடுவோர் குறைவு. 85இன் கதை நேர் எதிர்: அந்தக் காலத்தில் பெரும்பாலும் தொழில்முறைப் படக்காரர்களே வாங்கினார்கள், குறைவாகவே செய்யப்பட்டது, இன்று எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது இந்த வரத்தும் தேவையும்தான்.

இனி பின்னணி கரைவதைப் பற்றி. எஃப் எண் சின்னதானால் பின்னணி அதிகம் கரையும் என்று ஒரே நீளமுள்ள லென்ஸ்களை ஒப்பிடும்போது சொல்லலாம். நீளம் மாறினால் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பேச முடியாது. ஒரே ஆளை ஒரே அளவில் சட்டகத்துக்குள் கொண்டுவருகிறோம், பின்னணி நல்ல தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கரைவின் அளவைத் தீர்மானிப்பது வெளிச்சம் நுழையும் துளையின் உண்மையான விட்டம். நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 85ஐ 1.8ஆல் வகுத்தால் 47 மி.மீ. 135ஐ 2.8ஆல் வகுத்தால் 48 மி.மீ. அதாவது விலை உயர்ந்த 85 எஃப் 1.8 தரும் கரைவை, யாரும் தேடாத 135 எஃப் 2.8 தந்துவிடுகிறது. 135 எஃப் 3.5ஐ எடுத்தாலும் 38 மி.மீ.க்கு மேல் வருகிறது. எல்லாரும் முதலில் வாங்கும் பழைய 50 எஃப் 1.8இன் துளை 28 மி.மீ. கூட இல்லை. 85 எஃப் 1.4இன் துளை 60ஐத் தாண்டும். அதன் விலையில் உங்கள் கேமராவையே இன்னொன்று வாங்கலாம். நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒரு கஜத்தில் சுவர் இருந்தால் இந்தச் சமன்பாடு உடையும், அங்கே 85 எஃப் 1.8 கூடுதலாகக் கரைக்கும். ஆனால் லயத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் பின்னால் இருப்பது பெரும்பாலும் பாதையும் அதற்கப்பால் மரங்களும். 20 மீட்டர் பின்னால் இருக்கும் செம்பனை வரிசையில் இரண்டு லென்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

கரைவு சமம் என்றாலும் கூர்மை ஆழம் சமமில்லை, இதுதான் 135இன் பெரிய ஆதாயம். கண்ணுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கும் என்பது, ஒரே அளவில் சட்டகப்படுத்தும்போது, எஃப் எண்ணைப் பொறுத்தது. தலையும் தோளும் நிறையும் ஒரு நெட்டுப் படத்தை உங்கள் கேமராக்களில் சாதாரணமாக இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரில் எடுத்தால், எஃப் 2.8இல் ஏறத்தாழ ஏழரை செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும்; எஃப் 1.8இல் ஐந்து செ.மீ. தான், எஃப் 1.4இல் நாலு செ.மீ. கூட இல்லை. தானியங்கி ஃபோகஸ் உள்ளவனுக்கு இது பெரிய விஷயமில்லை. நீங்கள் கையால் வளையத்தைத் திருப்பிக் குவிக்கிறீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசிக்கொண்டே தலையை ஆட்டுகிறார், வெற்றிலையை மடிக்கிறார், யாரையோ கூப்பிடத் திரும்புகிறார். அந்தக் கூடுதல் இரண்டரை செ.மீ.தான் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும் படத்தைக் காப்பாற்றும். ஒரே கரைவு, கூடுதல் பிழை பொறுக்கும் தன்மை, குறைந்த விலை: மூன்றும் ஒரே பக்கம் சேர்வது அபூர்வம். அதோடு 135இன் பார்வை குறுகலானது. அதே நெட்டுப் படத்தில் 20 மீட்டர் பின்னால் 85 ஏறக்குறைய நாலு மீட்டர் அகலத்தைப் பார்க்கும், 135 மூன்று மீட்டருக்கும் குறைவாகவே பார்க்கும். துணிக்கொடி, மோட்டார் சைக்கிள், நீலத் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் ஒன்றையாவது ஒரு எட்டு நகர்ந்து நின்றே சட்டகத்தை விட்டு வெளியேற்றிவிடலாம்.

முதல் எதிர்ப்பு உடனே வரும், சரியான எதிர்ப்புதான்: 135 ரொம்ப நீளம், லயத்து அறைக்குள் பின்னால் போக இடமில்லை. கணக்கு இதுதான். ஏபிஎஸ்-சி கேமராவில் தலையும் தோளும் நிறைய எடுக்க 135க்கு மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல் தள்ளி நிற்க வேண்டும், 85க்கு இரண்டேகால் மீட்டர் போதும். பத்தடிக்குப் பத்தடி அறையில் 135 சரிப்படாது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் 85உம் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைக்கும். கட்டிலும் அலமாரியும் போக மீதியில் இரண்டேகால் மீட்டர் கிடைப்பது எளிதில்லை. உள்ளே வேண்டுமானால் அந்தக் காலக் கேமராவோடு வந்த 50 எஃப் 1.8 அல்லது ரஷ்ய ஹீலியோஸ் 58 எஃப் 2 இருக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சார் பார்வையை ஒன்றரை மடங்கு குறுக்குவதால் அவையே அங்கே முகப் பட லென்ஸாகிவிடும், விலையும் சில்லறை. நான் பேசுவது அதற்கு வெளியே. தோட்டத்துப் பெரியவர்கள் உட்காரும் இடம் எது? வீட்டு முகப்பிலுள்ள அஞ்சடி, வாசல் மரத்தடி, கோயில் திண்ணை, கடை பெஞ்சு. வெளிச்சமும் அங்கேதான் இருக்கிறது. தகரக் கூரையின் கீழ் ஒற்றைச் சன்னல் அறையில் எந்த லென்ஸ் வைத்தாலும் முகத்தில் பாதி இருட்டாகத்தான் வரும். அஞ்சடியில் இருப்பவரை முற்றத்தில் நின்று எடுக்கும்போது மூன்றரை மீட்டர் இயல்பான தூரம். அந்தத் தூரத்தில் பேச்சு நிற்காது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேத்தியோடு அவர் பேசிக்கொண்டிருக்கலாம், கேமரா முகத்துக்கு நேராக நீட்டப்பட்டிருக்காது. முகத்தின் வடிவமும் தூரத்தைப் பொறுத்தது. கைப்பேசியை அரை மீட்டரில் நீட்டினால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். இரண்டு மீட்டரைத் தாண்டினால் முகம் நாம் பார்த்துப் பழகிய விகிதத்துக்கு வந்துவிடும். முழுச் சட்டகச் சென்சார் வைத்திருப்பவருக்கு 135 இரண்டரை மீட்டரிலேயே வேலை செய்யும், அவருக்கு இந்த எதிர்ப்பே இல்லை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் வாதம் பொருந்தாது: அதில் 135 கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் கேட்கும். அவர்கள் ஒலிம்பஸ் ஸுய்கோ 100 எஃப் 2.8, மினோல்டா 100 எஃப் 2.5 போன்றவற்றைப் பார்க்கட்டும். இதே மூன்றரை மீட்டர் அவர்களுக்கு 100இல் கிடைக்கும்.

வெளிச்சம் போதுமா என்பது அடுத்த கேள்வி. மேகம் மூடிய காலையில் கூரை நிழலில்கூட ஐஎஸ்ஓ 400, எஃப் 2.8 வைத்தால் ஏறத்தாழ 1/500 வினாடி கிடைக்கும். 135ஐ ஏபிஎஸ்-சியில் கையில் பிடித்து ஆடாமல் எடுக்க 1/200 அல்லது 1/250 தேவை. எஃப் 3.5இலும் தாராளமாகத் தேறும். பகல் வேலைக்கு எஃப் 1.4 வாங்குவது தேவையில்லாத செலவு. இரவுத் திருவிழா வேறு. தேர் புறப்படும் நேரத்தில் குழல் விளக்கிலும் வண்ண விளக்கிலும் ஐஎஸ்ஓ 3200 வைத்து எஃப் 2.8இல் 1/125ஐத் தொட்டால் அதிர்ஷ்டம். காவடி எடுப்பவர் அசைவார், கையும் நடுங்கும். இங்கே 135க்கு வக்காலத்து வாங்க மாட்டேன். உங்கள் வேலை முக்கியமாக இரவுத் தேரும் தீமிதியும் என்றால் 85 எஃப் 1.8க்குக் காசு சேருங்கள், அல்லது அந்த 50ஐ எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போங்கள். பெரியவர்களின் முகம்தான் வேலை என்றால் காலை ஏழரைக்கும் பத்துக்கும் இடையில் போனால் போதும். பால்மரம் சீவிய காலத்திலேயே விடியலில் எழுந்து பழகியவர்கள், அந்நேரம் குளித்து முடித்து வெளியில்தான் இருப்பார்கள்.

சில கேமராக்களோடு வரும் 55–210 போன்ற ஸூமே 135 எடுக்கிறதே, அதில் தானியங்கி ஃபோகஸும் நடுக்கத் தடுப்பும் இருக்கிறதே என்று உங்களில் கணக்குப் பார்ப்பவர் கேட்பார். வலுவான கேள்வி. அந்த ஸூம் 135இல் எஃப் 5.6 அளவில்தான் திறக்கும். 135 எஃப் 2.8ஓடு ஒப்பிட்டால் துளை 24 மி.மீ., கரைவு பாதி, வெளிச்சம் கால் பங்கு. ஓடும் பிள்ளைகளுக்கும் பகல் பால்குட ஊர்வலத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் அது மேல். உட்கார்ந்திருக்கும் முகத்துக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கைப்பேசியின் போர்ட்ரெய்ட் முறையைப் பொறுத்தவரை, அது முகத்தின் விளிம்பைத் தானே ஊகித்து வெட்டுகிறது. நரைத்த தலைமயிரும் கண்ணாடிச் சட்டமும் மூக்குத்தியும் அந்த ஊகத்துக்கு அடங்குவதில்லை. ஐம்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் பார்க்கப்போகும் படத்தில் பாட்டியின் காதோலையில் பாதியைக் கணினி அழித்திருப்பதை நான் ஏற்க மாட்டேன்.

புகழ் பெற்ற லென்ஸ்களின் மீதான ஆசையும் ஒரு எதிர்ப்புதான். நிக்கான் 105 எஃப் 2.5ஐ எடுத்துக்கொள்வோம். 1984இல் பெஷாவருக்கு அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் அந்த லென்ஸில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்தது. அந்தப் படத்துக்குப் பிறகு அந்த லென்ஸுக்குத் தனி மவுசு. அருமையான லென்ஸ் என்பதில் ஐயமில்லை, 1971இல் உள்ளமைப்பை மாற்றிய பிறகு வந்தவை இன்னும் நன்று. மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், துளை 42 மி.மீ., தூரம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு, என் வாதத்துக்கு நெருங்கிய உறவினர்தான். அந்தக் கண்களுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ரஷ்ய ஜூப்பிட்டர்-9, 85 எஃப் 2, பதினைந்து துளை இதழ்கள், ஜெர்மன் ஸோனாரின் வழிவந்தது என்ற பெருமையோடு மலிவான 85 என்று பரிந்துரைக்கப்படும். அதன் தரம் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். பலர் வீட்டில் பிரித்து மாட்டி வைத்திருப்பதால் ஃபோகஸ் வளையம் இறுகியோ தளர்ந்தோ இருப்பது சாதாரணம். கிழக்கு ஜெர்மனியின் மேயர் ஓரெஸ்டார் 135 எஃப் 2.8க்கும் பதினைந்து இதழ் உண்டு. அதற்கு யாரோ வைத்த பட்டப்பெயர் விலையைக் கூட்டிவிட்டது. முழுத் துளையில் எடுக்கும்போது இதழ்கள் ஒளியின் பாதைக்குள் வருவதே இல்லை, அது ஐந்தாக இருந்தால் என்ன, பதினைந்தாக இருந்தால் என்ன? என் பட்டியலில் முதலில் நிற்பவை யேனா நகரத்து கார்ல் ஸைஸ் ஸோனார் 135 எஃப் 3.5, பென்டாக்ஸ் டாக்குமார் 135 எஃப் 3.5, மினோல்டா, கேனான் எஃப்டி ஆகியவற்றின் 135 எஃப் 2.8. ஸோனார் ஒரு மீட்டர் வரை கிட்டக் குவியும். மற்றவை பெரும்பாலும் ஒன்றரை மீட்டர். அந்த ஒன்றரை மீட்டரிலும் ஏபிஎஸ்-சியில் இருபது செ.மீ. சொச்சம் அகலம் சட்டகத்தை நிறைக்கும். மரம் சீவும் கத்தியைப் பிடித்துக் காய்ப்பேறிய கைக்கு அது சரியான அளவு. பழைய லென்ஸில் வெள்ளை வேட்டியின் ஓரமும் வெள்ளிக் கொலுசும் வெயிலில் ஊதா விளிம்பு காட்டும் என்பது உண்மை. எஃப் 4க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கும். வெயிலில் உட்கார வைக்காமல் நிழலுக்கு நகர்த்தினால் அந்தப் பிரச்சினையே எழாது.

நம் ஊரில் எந்த மாதிரி என்பதைவிட எந்த லென்ஸ், அதாவது கையில் இருக்கும் அந்த ஒற்றைப் பொருள், என்பதே பெரிய கேள்வி. காரணம் பூஞ்சை. இந்த மண்ணின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காட்டுக்குப் பக்கம். அறுபதைத் தாண்டினாலே லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை படரத் தொடங்கலாம். ஒட்டடைபோல மெல்லிய இழையாகத் தொடங்கி, அது சுரக்கும் அமிலத்தால் கண்ணாடியின் மேல்பூச்சையும் சில வேளை கண்ணாடியையும் அரித்துவிடும். முப்பது ஆண்டு அலமாரியில் தோல் உறைக்குள் கிடந்த உள்ளூர் லென்ஸைவிட, வறண்ட நாட்டிலிருந்து வந்த அதே லென்ஸ் பல சமயம் சுத்தமாக இருக்கும். எனவே வாங்கும்போது இரண்டு மூடிகளையும் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, கைப்பேசி விளக்கைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். பிறகு திருப்பியும் பாருங்கள். தூசி இருக்கும், அது படத்தில் தெரியாது. இழைகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மேகம் படிந்ததுபோலப் பால் நிறம் தெரிந்தாலும், ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே வானவில் ஓரம் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். சுத்தம் செய்யும் கூலி லென்ஸ் விலையைத் தாண்டிவிடும். முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 135இன் இன்னொரு நல்ல குணம் இங்கே உதவும்: அதில் பெரும்பாலும் நான்கைந்து கண்ணாடிகள்தான். பத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகள் அடுக்கிய பழைய ஸூமைவிடப் பூஞ்சை ஒளிய இடம் குறைவு, பார்த்துத் தெரிந்துகொள்வதும் எளிது. துளை இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அவை மெதுவாக நகரும். அடாப்டரில் நீங்களே கையால் துளையை மாற்றப்போவதால் அது உடனடி ஆபத்தில்லை, ஆனால் அந்த எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படியும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு தோல் உறையைத் தூக்கி எறியுங்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், சின்ன ஈரப்பதமானி ஒன்று: நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வைத்திருந்தால் போதும். மின்சார உலர்பெட்டி கேட்டு யாரும் கடன் வாங்க வேண்டாம். 85க்கும் 135க்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தில் இந்த டப்பாவும், எடுத்த படங்களை அச்சடித்து அந்தந்த வீட்டில் கொடுக்கும் செலவும் அடங்கிவிடும்.

கடைசியாக மாட்டும் முறை. மிரர்லெஸ் கேமரா என்றால் ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸும் வெறும் உலோக வளையத்தில் சேரும், உள்ளே கண்ணாடி இல்லாத அடாப்டரையே வாங்குங்கள். கண்ணாடி வைத்த மலிவு அடாப்டர் லென்ஸின் தரத்தைக் கெடுக்கும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் எம்42 திருகு லென்ஸ் வாங்க வேண்டாம், தூரத்து மரம் தெளியாது, நிக்கான் பிடியுள்ள 135ஐத் தேடுங்கள். கேனான் டிஎஸ்எல்ஆரில் எம்42, நிக்கான், ஒலிம்பஸ் ஓஎம் எல்லாம் சரிப்படும், ஆனால் கேனானின் சொந்த எஃப்டி லென்ஸ் சேராது. அது மிரர்லெஸ்ஸுக்கு மட்டும். எம்42 டாக்குமாரில் ஏ, எம் என்று ஒரு பொத்தான் இருக்கும். அது எம் பக்கம் நகர்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், நகராவிட்டால் துளை எப்போதும் திறந்தே இருக்கும். கேமராவின் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பை இயக்குங்கள், இல்லாவிட்டால் ஷட்டர் அசையாது. ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் நம்ப வேண்டாம், எஃப் 2.8இல் அது மூக்கையும் கண்ணையும் ஒன்றாகக் காட்டும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துக் குவித்த பிறகு சாதாரணப் பார்வைக்கு வந்து அழுத்துங்கள். முதல் நாள் முகம் எடுக்க வேண்டாம். தூரத்துக் கோயில் கோபுரத்தையோ செம்பனை வரிசையின் கடைசி மரத்தையோ குவித்து, வளையம் முடிவிலிக் குறியை எட்டுவதற்குள் அது தெளிகிறதா என்று பாருங்கள். தெளியாவிட்டால் பெரும்பாலும் அடாப்டரின் தடிமன்தான் தவறு, லென்ஸைக் குறை சொல்லாமல் அடாப்டரைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.